ஜெர்மன் ஒயின் எல்லாம் இனிப்புதானா? முதல்முறை சுவைக்கப் போகிறவருக்கு

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அலுவலக நண்பர் தன்னுடைய ஒயின் ரசனைக் குழுவுக்கு உங்களை அழைத்திருக்கிறார். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, எட்டு ஜெர்மன் ஒயின்கள், தலைக்கு 95 வெள்ளி. ஜெர்மன் ஒயின் என்றாலே இனிப்புதானே, அதற்கு இவ்வளவு கொடுத்துப் போகலாமா, லேபிளில் ஒரு வார்த்தை புரியவில்லையே, நம் சாப்பாட்டோடு இதெல்லாம் சேருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், "அங்கே எல்லாரும் விவரம் தெரிந்தவர்கள், நான் என்ன பேசுவது?" என்று ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. காசுக்கும் லேபிளுக்கும் பதில் சொல்வது சுலபம். அந்தக் கடைசி வரிக்கும் சேர்த்துச் சொல்லப் பார்க்கிறேன்.

நான் ஒயின் வியாபாரத்தில் இருப்பவன் இல்லை. 16 ஆண்டுகளாக இங்கே சிங்கப்பூரில் ஒரு சிறிய ரசனைக் குழுவில் இருக்கிறேன். மாதம் ஒருமுறை கூடுவோம், பதினைந்து பேரைத் தாண்டாது. எட்டு ஆண்டுகளாகப் புட்டிகளைத் தேர்ந்தெடுப்பதும் குளிர்விப்பதும் ஊற்றுவதும் என் பொறுப்பு. தேர்வெழுதிக் கொஞ்சம் படித்திருக்கிறேன். ஒரு அக்டோபரில் ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் ஒன்பது நாள் நடந்து திரிந்திருக்கிறேன். வெள்ளை ஒயின்களில், அதிலும் ரீஸ்லிங் என்ற திராட்சையின் ஒயினில், எனக்குப் பழக்கம் அதிகம். ஜெர்மனியின் சிவப்பு ஒயின்களில் அவ்வளவு இல்லை. நான் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இனிப்பு. ஜெர்மன் ஒயின் எல்லாம் இனிப்பு என்பது தவறு, இதில் சந்தேகமே வேண்டாம். இன்று அங்கே தயாராகும் தரமான ஒயினில் ஏறக்குறைய பாதி, இனிப்பு தெரியாத வகை. ஜெர்மானியர்கள் தங்கள் வீட்டில் சாப்பாட்டோடு குடிப்பது பெரும்பாலும் அதைத்தான். அப்படியானால் அந்தப் பெயர் எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லீப்ஃப்ராமில்ஷ் என்ற மென்மையான, மலிவான இனிப்பு ஒயின் கப்பல் கப்பலாக ஏற்றுமதியானது. வோர்ம்ஸ் நகரில் உள்ள மாதா கோயிலைச் சுற்றியிருந்த தோட்டத்தின் பெயர் அது. நாளடைவில் ரைன் பகுதியில் விளையும் எந்தச் சாதாரண இனிப்பு ஒயினுக்கும் அந்தப் பெயரை ஒட்ட முடிந்தது. 1970களிலும் 80களிலும் உலகம் முழுவதும் விருந்துகளில் ஜெர்மன் ஒயின் என்று பலர் குடித்தது இதைத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்ஸின் போர்தோ ஒயினில் பெரிய பெயர்களுக்குச் சமமான விலையில் ரைன் ஒயின் விற்றது என்பதே மறந்துபோகும் அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் உங்கள் மாலையில் இனிப்பான ஒயின்களும் கட்டாயம் இருக்கும். அவற்றைத் தவிர்க்க வேண்டியதாக நினைக்காதீர்கள். ஜெர்மன் ஒயினில் இனிப்பைத் தனியாகப் பார்க்கவே கூடாது, புளிப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வெயிலில் வந்தவருக்கு வீட்டில் எலுமிச்சை ஜூஸ் கலக்குகிறீர்கள். ஒரு பழத்துக்கு மூன்று கரண்டி சர்க்கரை போட்டாலும் யாரும் அதைச் சர்க்கரைத் தண்ணீர் என்று சொல்வதில்லை. அதே மூன்று கரண்டியை வெறும் தண்ணீரில் போட்டால் வாயில் வைக்க முடியாது. ரீஸ்லிங் திராட்சையின் இயல்பு அந்த எலுமிச்சை மாதிரி. குளிர்நாட்டில் மெதுவாகப் பழுப்பதால் பழுத்த பிறகும் புளிப்பு குறையாமல் நிற்கும். மோசல் பகுதியின் கபினெட் வகை (இந்தப் பெயரைப் பிறகு விளக்குகிறேன்) ஒன்றில் லிட்டருக்கு 40, 45 கிராம் சர்க்கரை இருப்பது சாதாரணம். எண்ணாகக் கேட்டால் பயமாக இருக்கும். வாயில் வைத்தால் முதலில் ஒரு பழ இனிப்பு, உடனே பின்னாலேயே நாக்கின் இரு ஓரமும் சுரக்கிற மாதிரி ஒரு புளிப்பு, விழுங்கியபின் வாய் சுத்தமாக, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தது போல. விழுங்கியபின் வாய் பிசுபிசுக்கிறதா, சுத்தமாகிறதா? நல்ல இனிப்பு ஒயினையும் மட்டமான இனிப்பு ஒயினையும் பிரிக்க இந்த ஒரு சோதனை போதும். இத்தனை ஆண்டுகளில் இதைவிட நம்பகமான ஒன்றை நான் கண்டதில்லை.

அடுத்தது லேபிள். பழைய கோதிக் எழுத்தும் நீளமான சொற்களும் பார்த்தாலே மிரட்டும், உண்மைதான். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது எழுத்தை இல்லை, ஆல்கஹால் சதவீதத்தை. திராட்சையின் சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹாலாக மாறுகிறது. எல்லாம் மாறிவிட்டால் ஆல்கஹால் அதிகம், இனிப்பு இல்லை. பாதியில் நிறுத்தினால் ஆல்கஹால் குறைவு, மீதிச் சர்க்கரை ஒயினிலேயே தங்கும். அதனால் ரீஸ்லிங் புட்டியில் 7.5 முதல் 9 சதவீதம் வரை போட்டிருந்தால் இனிப்பு நிச்சயம். 12க்கு மேல் என்றால் பெரும்பாலும் இனிப்பு தெரியாது. நடுவில் 10, 11 என்றிருந்தால் இரண்டுக்கும் இடைப்பட்டதாக இருக்கலாம், குடித்துத்தான் பார்க்க வேண்டும். ஜெர்மன் மொழி ஒரு எழுத்துத் தெரியாமலே பத்தில் எட்டு புட்டிகளை இந்த ஒரு எண்ணை வைத்துச் சரியாகச் சொல்லிவிடலாம்.

பிறகு சொற்கள். ட்ரோக்கன் என்று எழுதியிருந்தால் இனிப்பில்லாதது. சட்டப்படி லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை வரை, புளிப்பு போதிய அளவு இருந்தால் 9 கிராம் வரை இருக்கலாம். ஹால்ப்ட்ரோக்கன் என்றால் அரை இனிப்பு, அதற்கும் அளவு உண்டு. ஃபைன்ஹெர்ப் என்ற சொல்லுக்கு மட்டும் சட்டத்தில் அளவு எதுவும் கிடையாது. லேசான இனிப்பு உண்டு என்று தயாரிப்பாளர் சொல்கிறார், அவ்வளவுதான். ஒருவருடைய ஃபைன்ஹெர்ப் இன்னொருவருடையதைவிட இரண்டு மடங்கு இனிப்பாக இருக்கும். குழப்பம் உங்களுடையது இல்லை, அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

கபினெட், ஸ்பேட்லேஸே, ஔஸ்லேஸே என்று ஒரு படிவரிசை பார்ப்பீர்கள். இங்கேதான் பழகியவர்களும் தடுக்கி விழுகிறார்கள். இவை இனிப்பின் அளவைச் சொல்லும் பெயர்கள் இல்லை, அறுவடையின்போது திராட்சை எவ்வளவு பழுத்திருந்தது என்பதைச் சொல்பவை. பழச்சாற்றின் அடர்த்தியை எக்ஸ்லே என்ற அளவில் அளப்பார்கள். ஃபோர்ட்ஸ்ஹைம் ஊரில் வாழ்ந்த ஃபெர்டினாண்ட் எக்ஸ்லே என்பவரின் பெயர் அது. கபினெட்டுக்குப் பகுதியைப் பொறுத்து 67 முதல் 82 வரை, ஸ்பேட்லேஸேக்கு 76 முதல் 90 வரை குறைந்தபட்ச அளவு வேண்டும், இப்படி ஏறிக்கொண்டே போகும். 1971இல் வந்த ஒயின் சட்டம் இதையே தரத்தின் அளவுகோலாக ஆக்கியது. ஆகவே ஸ்பேட்லேஸே ட்ரோக்கன் என்று ஒரு புட்டி இருந்தால், நன்றாகப் பழுத்த திராட்சை, ஆனால் முழுவதும் நொதித்து இனிப்பில்லாமல் முடிந்த ஒயின் என்று பொருள். இரண்டு சொற்களும் ஒன்றோடு ஒன்று மோதவில்லை. பழம் எவ்வளவு பழுத்தது என்பதை மட்டும் வைத்துத் தரம் பிரித்தது சரியா என்று கேட்டால், என் கருத்தில் பெரிய பிழை. எந்த மலைச்சரிவில் விளைந்தது என்பதை அது பின்னுக்குத் தள்ளிவிட்டது. விடிபி (VDP) என்ற தயாரிப்பாளர் சங்கம், 1910இல் தொடங்கியது, நிலத்தை வைத்தே தரம் பிரிக்கும் தன்னுடைய முறையை வைத்திருக்கிறது. புட்டியின் கழுத்தில் திராட்சைக் கொத்தோடு ஒரு கழுகு முத்திரை இருந்தால் அந்தச் சங்கத்தைச் சேர்ந்தது. அதில் க்ரோஸஸ் கெவெக்ஸ் என்று இருந்தால் அவர்களுடைய முதல்தரத் தோட்டத்தின் இனிப்பில்லாத ஒயின். உங்கள் எட்டில் விலை உயர்ந்ததாக அப்படி ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம்.

ஊர்ப் பெயரும் தோட்டப் பெயரும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். வேலனர் ஸொன்னன்ஊர் என்றால் வேலன் ஊரின் சூரியக் கடிகாரத் தோட்டம். 'அர்' என்ற விகுதி நாம் மதுரைக்காரர், தஞ்சாவூர்க்காரர் என்று சொல்வதைப் போல. 1842இல் அங்கே பாறையில் ஒரு சூரியக் கடிகாரம் அமைத்தார்கள், இன்றும் ஆற்றின் எதிர்க்கரையிலிருந்தே வெள்ளையாகத் தெரிகிறது. இந்த முறையில் ஒரு கண்ணியும் இருக்கிறது. பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரெப்ஃபன் என்பது ஒரு குறிப்பிட்ட நல்ல சரிவு. பீஸ்போர்ட்டர் மிஷெல்ஸ்பெர்க் என்பது பல ஊர்களில் பரந்து கிடக்கும் பெரிய பரப்பு. பெயரை மட்டும் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது.

மோசலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆறு பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது. வளைவின் தெற்கு பார்த்த பக்கம் முழுக்கக் கொடி. ப்ரெம் ஊரின் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 60 டிகிரியைத் தாண்டும். டிராக்டர் ஏறாது, கையால்தான் பறிக்க வேண்டும். பந்தலோ கம்பிவேலியோ இல்லாமல் ஒவ்வொரு கொடிக்கும் ஒரு தனிக் கம்பம் நட்டு, கிளைகளை இரண்டு பக்கமும் வளைத்து இதய வடிவில் கட்டும் பழைய முறை இன்னும் பல இடங்களில் இருக்கிறது. மண் என்று சொல்ல அதிகம் ஒன்றுமில்லை. சிலேட்டுக் கல் சில்லுகள்தான், நம் பெற்றோர் பள்ளியில் எழுதிய சிலேட்டின் அதே கல். மாலை ஐந்தரைக்கு, வெயில் மலைக்குப் பின்னால் போய்க் காற்று சில்லென்று ஆன பிறகு, கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்தேன். உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. பகல் வெயிலைப் பிடித்து வைத்து இரவில் கொடிக்குக் கொடுக்கிறது, மழைத் தண்ணீரை நிற்கவிடாமல் வடிக்கிறது. இவ்வளவும் உறுதி.

ஆனால் குழுவில் யாராவது "இந்த ஒயினில் சிலேட்டின் சுவை தெரிகிறது" என்பார்கள். இது உறுதி இல்லை. பாறை கரைந்து வேர் வழியாக ஏறிப் பழத்தில் வந்து ருசிக்கிறது என்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. கொடி தாது உப்புகளை உறிஞ்சுவது உண்மை, அவை ஒயினில் இருக்கும் அளவு நாக்குக்குத் தெரியாத அளவு. மழை விழுந்த கல்லின் வாசம் போல ஏதோ ஒன்று மோசல் ஒயினில் எனக்கும் தெரிகிறது. அது புளிப்பாலா, நொதித்தலில் வரும் கந்தகச் சேர்மங்களாலா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. "கல்லின் வாசம் மாதிரி இருக்கிறது" என்று சொல்லுங்கள், தப்பில்லை. "கல்லிலிருந்து வந்தது" என்று யாராவது அடித்துச் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

இன்னொரு வாசம் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புட்டி கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பீர்கள். பத்து வயதைத் தாண்டிய ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாசம் வரும். எங்கள் குழுவில் எழுபது வயதைத் தாண்டிய தமிழ் ஐயா ஒருவர் இருக்கிறார். முதல்முறை வந்த அன்று எல்லாரும் குறிப்பேட்டில் ஏதேதோ எழுதிக்கொண்டிருக்க, அவர் கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட்டு, "எங்க அம்மாவோட பம்ப் ஸ்டவ்" என்றார். அந்த அறையில் அன்று அதைவிடத் துல்லியமாக யாரும் பேசவில்லை. இதற்குக் காரணம் தெளிவாகத் தெரிந்ததுதான். திராட்சையில் உள்ள கரோட்டினாய்டுகளிலிருந்து உருவாகும் டிடிஎன் என்ற சேர்மம். பழத்தில் வெயில் நிறையப் பட்டால் அதிகமாகும், புட்டியில் வயதாக ஆகக் கூடும், சூட்டில் வைத்தால் விரைவில் வரும். அது அழகா குறையா என்பதில் மட்டும் தயாரிப்பாளர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. முதிர்ந்த ஒயினில் தேனோடும் உலர்பழ வாசத்தோடும் கலந்து வரும்போது எனக்குப் பிடிக்கும். இரண்டு வயது ஒயினிலேயே தூக்கலாக அடித்தால் பிடிக்காது.

மாலையின் கடைசியில் சின்ன புட்டியில் தங்க நிறத்தில் ஒன்று வரலாம். பேரன்ஔஸ்லேஸே, ட்ரோக்கன்பேரன்ஔஸ்லேஸே, ஐஸ்வைன் இவற்றில் ஏதாவது. முதல் இரண்டும், ஒரு வகைப் பூஞ்சை படிந்து கொடியிலேயே நீர் வற்றிச் சுருங்கிய பழத்தை மணி மணியாகப் பொறுக்கிப் பிழிவது. தாமதமான அறுவடையின் அருமையை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதற்கு ஒரு கதை உண்டு. ரைன்கௌ பகுதியின் யோஹானிஸ்பெர்க்கில், அறுவடைக்கு ஃபுல்டா ஆயரின் அனுமதி வரவேண்டும். 1775இல் அனுமதியோடு வரவேண்டிய குதிரைவீரன் வாரக்கணக்கில் தாமதமாக வந்தான், பழம் கொடியிலேயே அழுகத் தொடங்கியிருந்தது, வேறு வழியில்லாமல் பிழிந்தார்கள், ஒயின் அபாரமாக அமைந்தது. அந்த வீரனுக்கு அங்கே சிலையே இருக்கிறது. ஏன் தாமதம் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள், எதையும் உறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஐஸ்வைன் வேறு. மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே கொடியிலேயே உறைந்த பழத்தை உறைந்தபடியே பிழிந்தால் ஐஸ்கட்டி பிழியும் பொறியிலேயே தங்கிவிடும், சர்க்கரையும் புளிப்பும் மட்டும் தேன் போல வடியும். 2019 அறுவடைக்கு ஜெர்மனியின் ஒயின் பகுதிகள் எதிலும் போதிய குளிர் வரவே இல்லை, அந்த அறுவடையில் ஐஸ்வைனே கிடையாது. அதனால் அது உங்கள் மேசையில் வந்தால், இரண்டு மடக்குதான் என்றாலும், அவசரப்படாதீர்கள். 95 வெள்ளியில் கணிசமான பங்கு அந்த இரண்டு மடக்குக்குப் போயிருக்கும்.

ரீஸ்லிங் அல்லாதவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃப்ராங்கன் பகுதியின் ஸில்வானர், தட்டையான குடுவை போன்ற புட்டியில் வரும். இனிப்பில்லாமல், அடக்கமாக, சாப்பாட்டுக்கு இடம்விடும் ஒயின். ஷ்பேட்புர்குண்டர் என்றால் நீங்கள் பீனோ நுவார் என்று கேள்விப்பட்ட அதே சிவப்புத் திராட்சை. பாடன், ஆர் பகுதிகளிலிருந்து இன்று மிக நல்லவை வருகின்றன. ஆர் பள்ளத்தாக்கு 2021 ஜூலை வெள்ளத்தில் சிதைந்துபோனது. சேறு படிந்த புட்டிகளைக் கழுவாமல் அப்படியே விற்று, மீண்டும் எழ நிதி திரட்டினார்கள். அந்தப் பகுதிப் புட்டி எதுவும் உங்கள் பட்டியலில் இருந்தால் கவனித்துக் குடியுங்கள்.

சரி, நம் சாப்பாடு. இதில் உறுதியானது இரண்டு. மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டுகிறது, அதனால் 14 சதவீத ஒயின் காரத்தை ஏற்றிவிடும். சர்க்கரை காரத்தைத் தணிக்கும். ஆக, ஆல்கஹால் குறைவாகவும் இனிப்பும் புளிப்பும் நிறைந்ததாகவும் இருக்கும் மோசல் கபினெட் காரச் சாப்பாட்டுக்குச் சாதகமானது என்பதில் அர்த்தம் இருக்கிறது. அதற்கு மேல் எது எதோடு சேரும் என்பதெல்லாம் அவரவர் நாக்கு. எங்கள் குழுவில் ஓர் அக்கா ஒருமுறை தேக்கா சந்தையில் மீன் வாங்கி, மீன்தலைக் கறி வைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தார். புளி தூக்கலான கறி. நான் இனிப்பில்லாத க்ரோஸஸ் கெவெக்ஸைத்தான் அதற்கென்று எடுத்து வைத்திருந்தேன். சேரவில்லை. புளியும் காரமும் சேர்ந்து ஒயினின் பழச்சுவையை அடித்துவிட்டது, கசப்பு மட்டும் நின்றது. பக்கத்தில் கிடந்த 8 சதவீத ஸ்பேட்லேஸேயை ஊற்றினோம். கறியின் வெண்டைக்காயை ஒரு கடி, ஒயின் ஒரு மடக்கு, தட்டு காலியாகும்வரை யாரும் பேசவில்லை. அதன்பிறகு மட்டன் பிரட்டலோடு முயன்றேன், சுமார்தான். மிளகு வறுவலுக்கும் மசாலா கடலைக்கும் பிரமாதம். தயிர்சாதத்துக்கு எதுவும் வேண்டாம், தண்ணீர் போதும். ஒன்று மட்டும் நிச்சயம். துவர்ப்பு மிகுந்த கனமான சிவப்பு ஒயினை மிளகாய்க் குழம்போடு வைத்தால் வாய் எரியும், ஒயினும் கசக்கும்.

குழுவில் நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். மேசையில் ஆளுக்கு மூன்று நான்கு கிளாஸ், தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட் அல்லது ரொட்டி, துப்புவதற்கு ஒரு பாத்திரம். ஒவ்வொரு ஒயினும் 50 மில்லி ஊற்றுவார்கள். இனிப்பில்லாததில் தொடங்கி இனிப்பில் முடியும். கிளாஸைத் தண்டில் பிடியுங்கள். கிண்ணத்தைப் பிடித்தால் உள்ளங்கைச் சூடு ஒயினுக்கு ஏறும், நம் ஊர் அறைச்சூட்டில் அது ஏற்கெனவே வேகமாகச் சூடாகிக்கொண்டிருக்கும். முதலில் சுழற்றாமல் ஒரு முறை முகருங்கள், பிறகு சுழற்றி ஒரு முறை. வாயில் வைத்துக் கொஞ்சம் காற்றை உறிஞ்சி நாக்கு முழுவதும் பரவவிடுங்கள். நனைந்த அட்டைப்பெட்டி அல்லது ஈரத்துணி வாசம் வந்தால் அது கார்க்கினால் வந்த குறை, தயங்காமல் ஊற்றுபவரிடம் சொல்லுங்கள். எங்களில் அனுபவசாலிகளே தவறவிட்டதைப் புதியவர் பிடித்துக் கொடுத்திருக்கிறார். கார்க்கின் அடியிலோ கிளாஸின் கீழோ கல்கண்டுத் தூள் போல ஏதாவது மின்னினால் அது கண்ணாடித்தூள் இல்லை, சர்க்கரையும் இல்லை. திராட்சையின் டார்டாரிக் அமிலம் குளிரில் படிகமானது, தீங்கற்றது.

துப்புவதை அநாகரிகமாக நினைக்காதீர்கள். எட்டு ஒயின், தலா 50 மில்லி என்றால் 400 மில்லி, அரைப் புட்டிக்கு மேல். சராசரி 10 சதவீதம் என்று வைத்தாலும் 30 கிராமுக்கு மேல் ஆல்கஹால் உடம்புக்குள் போகும். வண்டி ஓட்டிப் போகாதீர்கள், எம்ஆர்டி ரயிலில் போய் வாருங்கள். இங்கே சட்ட வரம்பு 100 மில்லி மூச்சுக்காற்றில் 35 மைக்ரோகிராம். யாருக்கு எத்தனை கிளாஸில் அது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மிச்சப் புட்டியை யாராவது கையில் கொடுத்தாலும் வழியில் புளோக்குக்குக் கீழே உட்கார்ந்து திறக்க வேண்டாம். இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கத் தடை. நீங்கள் மருந்து ஏதும் எடுத்துக்கொள்பவர் என்றால் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும், நான் அதற்கு ஆள் இல்லை.

இனி அந்தக் கடைசி வரி. அங்கே கேட்கப்போகும் சொற்களில் பாதி ஐரோப்பியச் சமையலறையிலிருந்து வந்தவை. நெல்லி போன்ற ஒரு சீமைப் பழம், ஏதோ ஒரு வெள்ளைப் பூ, ஒரு வகைப் பீச். அதை முகர்ந்தே பார்க்காதவர்களும் புத்தகத்தில் படித்துச் சொல்வார்கள், நானும் முதல் மூன்று ஆண்டுகள் அதைத்தான் செய்தேன். அந்தக் குறிப்பேட்டை இன்று புரட்டினால் எந்த ஒயினும் நினைவுக்கு வருவதில்லை. பிறகுதான் எனக்குத் தெரிந்ததை எழுத ஆரம்பித்தேன். நார்த்தங்காய்த் தோல். பம்ளிமாஸ். பனங்கற்கண்டு. பாதி பழுத்த கொய்யா. நன்னாரி. அந்தப் பக்கங்களைப் படித்தால் கிளாஸ் கண்முன் வந்து நிற்கிறது. எங்கள் சீன நண்பர் ஒருவர் அதே ஒயினில் லைச்சி என்பார், லோங்கான் என்பார், அவர் சொன்ன பிறகு எனக்கும் தெரியும். துவர்ப்பு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு ஒயின் வாயை இழுத்துப் பிடிப்பதை விளக்க மற்றவர்கள் தேநீர், பட்டுத்துணி என்று சுற்றி வளைக்கிறார்கள். வாழைப்பூவும் கடுக்காயும் தின்று வளர்ந்த நமக்கு அது ஆறு சுவையில் ஒன்று, தனிப் பெயரோடு. உங்கள் நாக்கு வெறுங்கையோடு அந்த அறைக்குள் போகவில்லை. எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எதை நினைவூட்டியது, இந்த மூன்றையும் உங்கள் சொல்லில் சொன்னால் நல்ல குழு காதுகொடுத்துக் கேட்கும். கேட்காமல் திருத்துகிற குழு என்றால் அடுத்த மாதம் வேறு குழு தேடலாம்.

95 வெள்ளி சரியா என்றால், பட்டியலைப் பொறுத்தது. சிங்கப்பூரில் ஒயினுக்கு ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி தீர்வை. 8 சதவீத மோசல் புட்டிக்கு அது 5 வெள்ளி 28 காசு, 13.5 சதவீதப் புட்டிக்கு 8 வெள்ளி 91 காசு, அதற்குமேல் பொருள் சேவை வரி. ஆகவே இங்கே எந்த நல்ல ஒயினும் மலிவு இல்லை. எட்டில் ஒரு க்ரோஸஸ் கெவெக்ஸ், பத்து வயதுக்கு மேற்பட்ட ஒன்று, கடைசியில் ஒரு சின்ன தங்கப் புட்டி, இவை இருந்தால் கொடுக்கலாம். தனியாக வாங்கினால் அந்த மூன்றுக்கே பல மடங்கு ஆகும். எட்டும் சென்ற ஆண்டு அறுவடையின் சாதாரண ரீஸ்லிங் என்றால் நான் போகமாட்டேன். அதே காசுக்குக் கபினெட் ஒன்றும் ட்ரோக்கன் ஒன்றும் வாங்கி, நான்கு நண்பர்களை வீட்டுக்கு அழைத்து, பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். வாங்கும்போது வெயில் விழும் கடை அலமாரியிலிருந்து எடுக்காதீர்கள். பல மாதம் சூட்டில் நின்ற புட்டியில் எங்களுக்கு ஒருமுறை மொத்தச் சுற்றுமே வீணானது.

போகும் அன்று அத்தர், சென்ட் எதுவும் வேண்டாம். தலையில் மல்லிகை வைக்கும் பழக்கம் இருந்தால் அன்று ஒருநாள் விட்டுவிடுங்கள், மேசையில் நான்கு பேருடைய மூக்கை அது மூடிவிடும். வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஆனால் பூண்டு ஊறுகாய் வேண்டாம். நண்பரிடம் புட்டிகளின் பட்டியலை வாங்கி இங்கே போட்டால், எதில் என்ன எதிர்பார்க்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.